பேட்ஜில் விழாத கதிர்

நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது எங்கள் உயிரியல் துறையின் கடைசி அறைக்கு மட்டும் இரண்டு பூட்டுகள் இருந்தன. கதவில் மஞ்சள் தாளில் மூன்று இறக்கை விசிறி போன்ற அடையாளம். உள்ளே போகிறவர்கள் மேலே பட்ட கதிரை அளக்கிற ஒரு பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். ஐசோடோப்பு அறை என்று பலகை சொன்னாலும் துறையில் எல்லாரும் அதை 'ஹாட் ரூம்' என்றுதான் சொன்னார்கள்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் லேப் டெக்னீஷியன். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. கணவர் ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். ஒரே மகள். அக்கா வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார், மதியச் சாப்பாட்டை ஏழு நிமிஷத்தில் முடித்துவிடுவார். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அவர் பாதி வேலையை முடித்திருப்பார்.

நாங்கள் அங்கே நான்கு வகைக் கதிரியக்கப் பொருள்களைப் பயன்படுத்தினோம். அவற்றைப் பற்றி அக்கா தெருவில் குடியிருக்கிற மனிதர்களைப் பற்றிப் பேசுவதைப் போலப் பேசுவார். பாஸ்பரஸ் முப்பத்திரண்டு சண்டைக்காரன். அதன் பீட்டா கதிர் காற்றில் சில மீட்டர் பாயும். கனமான அக்ரிலிக் பலகைக்குப் பின்னால் கையை நீட்டித்தான் வேலை செய்வோம். கதிரைக் கண்டுபிடிக்கிற கைகர் கருவியைக் கிட்டே கொண்டுபோனால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் சத்தம் போடும். அயோடின் நூற்று இருபத்தைந்து விடுவது காமா கதிர். அதற்கு ஈயத்தகடு. அது உடம்புக்குள் போனால் நேராகத் தைராய்டில் போய் உட்காரும் என்பதால் மாதம் ஒருமுறை கழுத்தில் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். கார்பன் பதினாலு கொஞ்சம் சாது. கடைசியாக டிரிட்டியம்.

"இது வாயே தொறக்காதும்மா. ஊமை" என்பார் அக்கா.

டிரிட்டியத்தின் பீட்டா அவ்வளவு பலவீனமானது. காற்றில் சில மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். நம் தோலின் மேலுள்ள செத்த படலத்தைக்கூட அதனால் தாண்ட முடியாது. அதனால் அதற்குப் பலகை வேண்டாம், ஈயம் வேண்டாம். கைகர் கருவிக்கு அது தெரியவே தெரியாது. சட்டையில் குத்திய பேட்ஜுக்கும் தெரியாது. இதனாலேயே யாருக்கும் அதனிடம் பயம் இல்லை. எனக்கும் இல்லை.

ஆனால் உடம்புக்குள் போய்விட்டால் கதை வேறு. நாங்கள் வாங்கியது டிரிட்டியம் ஏற்றிய தைமிடின். தைமிடின் டி.என்.ஏ. கட்டப் பயன்படுகிற ஒரு துண்டு. பெருகிக்கொண்டிருக்கிற செல் அதை ஆசையாக எடுத்து உட்கருவுக்குள் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து கிளம்புகிற கதிர் வெகுதூரம் போகாது என்பதால் தன் சக்தி முழுவதையும் அந்த உட்கருவுக்குள்ளேயே செலவழிக்கும். இரத்தத்தின் வெள்ளணுக்கள் எவ்வளவு பெருகுகின்றன என்று இதை வைத்து அளக்கலாம். என் ஆய்வே அதுதான்.

ஆய்வின் மூன்றாம் வருஷம் நான் கருவுற்றேன். சோதனைகள் இன்னும் நான்கைந்து மாதத்துக்கு மிச்சம் இருந்தன. வீட்டில் சொல்வதற்கு முன்பே அக்காவிடம்தான் சொன்னேன். ஹாட் ரூமில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"மொதல்ல ஸ்டூலை விட்டு எந்திரி. வெளிய வா" என்றார். வந்தேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "புள்ள பொறக்குற வரைக்கும் இந்த வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது. செல்லு வெக்கிற பிளேட் எல்லாம் நான் போட்டுத் தரேன். நம்பரை நீ வெளிய ஒக்காந்து பாத்துக்க."

"உங்க வேலையே எவ்வளவு இருக்குக்கா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம். நீ நேரத்துக்குச் சாப்புடு."

சொன்னபடியே செய்தார். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிற அத்தனை எண்களும் அவர் கையால் வந்தவை.

ஒரு வேலை மட்டும் என் பெயரில் இருந்தது. வாரம் ஒருமுறை அறையின் பத்து இடங்களை வட்டமான சின்ன வடிதாளால் துடைத்து, தாளை ஒரு குப்பியில் திரவத்தில் போட்டு, கதிரை எண்ணும் எந்திரத்தில் வைக்க வேண்டும். மேசை, ஃப்ரிட்ஜ் கைப்பிடி, குழாய், பேனா, தரை என்று இடங்கள் குறித்திருக்கும். டிரிட்டியம் எங்காவது சிந்தியிருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க இருந்த ஒரே வழி அந்தத் துடைப்புச் சோதனை. நான் உள்ளே போகக் கூடாது என்ற பிறகு அதை யாராவது செய்ய வேண்டும். அக்காவிடம் கேட்டிருக்கலாம். ஏற்கெனவே என் சோதனைகளையெல்லாம் சுமக்கிறவரிடம் இதையும் தூக்கிக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. முதல் வாரம் பதிவேட்டில் இடத்தைக் காலியாக விட்டேன். இரண்டாம் வாரம் போன மாதத்து எண்களைப் பார்த்துக் கொஞ்சம் மாற்றி எழுதினேன். நாற்பத்திரண்டை முப்பத்தொன்பது ஆக்கினேன். பிறகு அது பழகிவிட்டது. பிரசவ விடுப்பில் போகிற வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் உட்கார்ந்து எண்களை இட்டுக்கட்டி, கீழே கையெழுத்துப் போட்டேன். நான் விடுப்பில் இருந்த மாதங்களுக்கும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போனேன்.

மகள் பிறந்து நாலு மாதத்தில் திரும்பி வந்தேன். ஆய்வுக்கு அனுமதி தருகிற இடத்திலிருந்து சோதனைக்கு ஆள் வரப்போகிறார்கள் என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார். ஒருமுறையாவது உண்மையான எண்கள் இருக்கட்டும் என்று இரண்டு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டு பத்து இடங்களையும் துடைத்தேன். அக்கா அன்று மகளின் பள்ளியில் ஏதோ கூட்டம் என்று தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தார்.

எந்திரம் ஒவ்வொரு குப்பியாக எடுத்து எண்ணி அச்சிட்டது. மேசை சரியாக இருந்தது. தரை சரி. ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு வந்த எண்ணைப் பார்த்ததும் எந்திரத்தில் கோளாறு என்று நினைத்தேன். அக்காவின் பேனாவும் அப்படியே. குழாய்த் திருகு, நாற்காலி விளிம்பு. பக்கத்து அறையில் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து வைக்கிற மேசையையும் துடைத்துப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது.

ஃப்ரிட்ஜைத் திறந்து தைமிடின் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தேன். மூடியில் தலைமுடி அளவு விரிசல். குப்பி நின்ற தாங்கி ஈரமாக இருந்தது. எப்போதிலிருந்து கசிகிறது என்று பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பதிவேட்டில் இருந்தவை நான் இட்டுக்கட்டிய எண்கள்.

பேராசிரியரின் அறைக்குப் போய்த் தாளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"சுத்தம் பண்ணிட்டு மறுபடி எடு. அந்த நம்பரைப் பதிவேட்டில் எழுது."

"சார், அக்காவுக்கு யூரின் எடுத்துப் பாக்கணும்."

"பாத்தா? அதை மேலே சொல்லணும். லைசன்ஸ் போயிடும். உன் தீசிஸ் நின்னுபோயிடும்." குரலை உயர்த்தவில்லை. "அது இருக்கட்டும், பதிவேட்டில் வாராவாரம் இருக்கற கையெழுத்து யாரோடது?"

நான் தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் சொன்னது இருக்கட்டும். அந்த எந்திரம் என் கையில் இருந்தது. ஒரு சின்னக் குப்பியில் அக்காவின் சிறுநீரை வாங்கி நானே வைத்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை. அந்த எண் தெரிந்துவிட்டால் நான் ஏதாவது செய்தாக வேண்டும் என்பதால்தான் வைக்கவில்லை. இதை எனக்கு நானே ஒப்புக்கொள்ளவே பல வருஷம் ஆனது.

சோப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார்.

"என்னம்மா, வந்ததும் வராததுமா தொடச்சிக்கிட்டு இருக்க?"

"இன்ஸ்பெக்‌ஷன் வருதுக்கா."

"சொல்லியிருந்தா நேத்தே பண்ணியிருப்பேன்ல? பச்ச ஒடம்பு உனக்கு. தள்ளு." ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் குந்தினார். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். போட்டுக்கொண்டார். மதியம் வரை இரண்டு பேரும் துடைத்தோம். குழந்தைக்குக் காது குத்தியாச்சா, யார் மடியில் வைத்துக் குத்தினார்கள் என்று கேட்டுக்கொண்டே துடைத்தார்.

சோதனைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். எனக்குப் பட்டம் கிடைத்தது. இரண்டு வருஷத்தில் அதே துறையில் விரிவுரையாளர் வேலையும் கிடைத்தது. செல்கள் பெருகுவதை ஒளிரும் சாயங்களை வைத்தே அளக்கலாம் என்று ஆனபிறகு ஹாட் ரூமுக்கு வேலை குறைந்தது. பேராசிரியர் ஓய்வு பெற்று வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போனார். அறையின் பொறுப்பு என் பெயருக்கு வந்தது.

நாங்கள் உட்கார்ந்து துடைத்த அந்த நாளிலிருந்து ஒன்பது வருஷம் கழித்து, ஒரு நாள் அக்கா வளையல் போடும்போது பட்ட இடம் கருநீலமாகிவிட்டது என்று முன்கையைக் காட்டினார். இரும்புச்சத்துக் குறைவு என்று டானிக் குடித்தார். காய்ச்சல் வந்து போகாமல் நின்றது. பல் துலக்கினால் இரத்தம் நிற்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகியிருப்பது தெரிந்தது. இரத்தப் புற்றுநோய் என்றார்கள். அக்கா நீண்ட விடுப்பில் போனார்.

அதற்கு அடுத்த மாதம் அவர் கணவர் என்னைப் பார்க்க வந்தார். காலை ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். காக்கிச் சட்டையில் நெருப்புப்பொறி பட்ட ஓட்டைகள். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். அந்த ரூம்ல வேல பாத்ததால வந்திருக்குமோன்னு எல்லாரும் கேக்குறாங்க. எனக்கும் ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கண்ணே."

"ரயில்வேக்கு வர்றதுக்கு முன்னாடி நான் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பட்டறைல இருந்தேன். வெல்டிங் ஜாயின்ட்ட காமா வெச்சுப் படம் எடுப்பாங்க. கயிறு கட்டி, செவப்பு லைட்டு போட்டு, எங்களையெல்லாம் வெளிய தொரத்திட்டுத்தான் பெட்டியவே தொறப்பாங்க. அவங்க சட்டைலயும் இவ மாதிரிதான் பேட்ஜ் இருக்கும். அதுல எல்லாம் தெரிஞ்சிரும்னு சொல்லுவாங்க. இவ பேட்ஜ்ல என்ன வந்திருக்குன்னு பாக்கலாமா?"

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜுகளைச் சோதனைக்கு அனுப்புவோம். அத்தனை வருஷத்து அறிக்கைகளும் கணினியில் இருந்தன. அச்சிட்டுக் கொடுத்தேன். அக்காவின் பெயருக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கடைசி வரிக்கு வந்ததும் மூச்சை விட்டார்.

"அப்ப இங்க ஒண்ணுமில்ல."

நான் கணினியை அணைத்தேன்.

"இத எடுத்துக்கலாமா? அவகிட்ட காட்டுறேன். மனசுக்குத் தெம்பா இருக்கும்."

"எடுத்துக்குங்கண்ணே."

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கைகூப்பிவிட்டுப் போனார். அவர் கேட்ட கேள்விக்கு அந்தப் பேட்ஜால் பதில் சொல்லவே முடியாது என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

மூன்று வாரம் அப்படியே போனது. அன்றாடம் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது இன்று போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். இறங்கியதும் வகுப்பு இருக்கும், ஏதாவது வேலை இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் கணவர் சந்தைக்குப் போயிருந்தார். அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் முடி இல்லை. புடவைத் தலைப்பைப் போர்த்தியிருந்தார். பேட்ஜ் அறிக்கை சாமி படத்துக்குக் கீழே விபூதித் தட்டின் அடியில் இருந்தது.

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டில் எழுதியது, குப்பியின் விரிசல், பேனா, டிபன் மேசை, பேராசிரியர் சொன்னது, நான் சோதித்துப் பார்க்காதது. முடித்தபிறகு அக்கா சொன்னார்:

"தாங்கி ஈரமா இருந்தது எனக்குத் தெரியும்மா. ஃப்ரிட்ஜ்ல ஐஸ் உருகுதுன்னு நெனச்சேன். தொடச்சுத் தொடச்சு விடுவேன்."

"எத்தன நாளுக்கா?"

"ஞாபகமில்ல. நீ லீவுல போறதுக்கு முன்னாடியே." தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாம ஒரு நாள் ஒக்காந்து தொடச்சமே. அது இதுக்குத்தானா?"

"ஆமாக்கா."

"என்னையும் கூட ஒக்கார வெச்சுக்கிட்டு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதாலதான் வந்துச்சா?"

"தெரியாதுக்கா. யாராலயும் சொல்ல முடியாது. எந்த ரூமுக்கும் போகாதவங்களுக்கும் வருது."

"இல்லைன்னும் சொல்ல முடியாது. அப்படித்தானே?"

"ஆமா."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒர்க்‌ஷாப் பக்கமிருந்து ஏதோ எஞ்சின் ஓடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்புறம் திரும்பாமலே கேட்டார்: "எம் பொண்ணுக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"வராதுக்கா. அவ அப்பவே பெரிய பொண்ணு. அது உங்க ஒடம்போட சரி." இந்த ஒன்றையாவது தயங்காமல் சொல்ல முடிந்தது.

"சரி. நீ கெளம்பு. அவரு வர்ற நேரம்."

"அண்ணன்கிட்ட…"

"நான் சொல்லிக்கறேன். நீ இனிமே வராதம்மா."

நான்கு மாதத்தில் அக்கா இறந்துபோனார். துறையிலிருந்து எல்லாரும் வேனில் போனோம். நான் மற்றவர்களுக்குப் பின்னால் தெருவிலேயே நின்றேன். அவர் கணவர் என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க குடுத்த பேப்பர கடைசி வரைக்கும் பக்கத்துலயே வெச்சிருந்தா மேடம்" என்று சொல்லி அழுதார்.

அக்கா அவரிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காரியங்கள் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒரு நாள் மாலை ஒர்க்‌ஷாப் வாசலில் காத்திருந்தேன். சங்கு ஊதியதும் சைக்கிள்களும் பைக்குகளும் ஒரே கூட்டமாக வெளியே வந்தன. அவர் என்னைப் பார்த்து பைக்கிலிருந்து இறங்கினார். எதிரே இருந்த டீக்கடையில் நின்றோம். அவர் இரண்டு டீ சொன்னார். அக்காவிடம் சொன்ன அதே வரிசையில் அவரிடமும் சொன்னேன். டிரிட்டியம் என்றால் என்ன, அதன் கதிர் ஏன் பேட்ஜில் விழாது என்பதையும் சொன்னேன். அவர் வெல்டர்; கதிர் எதைத் துளைக்கும், எதைத் துளைக்காது என்பதெல்லாம் அவருக்குச் சட்டென்று புரிந்தது.

"அப்ப அந்தப் பூஜ்யமெல்லாம்…"

"காமாவுக்குப் பூஜ்யம்ணே. பாஸ்பரஸுக்குப் பூஜ்யம். இதுக்கு அதுல எடமே இல்ல."

"நான் கேட்டப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். முகம் இறுகிப்போய்விட்டது. அடிக்கப்போகிறார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"கசிஞ்சதப் பாத்த அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன வைத்தியம் பண்ணியிருப்பாங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே போயிருந்தேன். "அந்த ரூமுக்குப் போக வேணாம்னு சொல்லியிருப்பாங்க. நெறைய தண்ணி குடிக்கச் சொல்லியிருப்பாங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளிய போகட்டும்னு."

"தண்ணியா?"

"ஆமாண்ணே."

"தண்ணிதானா?" என்று மறுபடி கேட்டார். டீக்கடைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, "இப்ப சொன்னதயெல்லாம் எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். அக்காவிடம் போய்ச் சொன்னதையும் சேர்த்து இரண்டு பக்கம் வந்தது. என் கணவர் படித்துவிட்டு, "இத்தனை வருஷம் கழிச்சு இதை எதுக்கு எழுதிக் குடுக்கணும்? இதாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு நீயேதானே சொல்ற?" என்றார். மகள் பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நான் உறையை ஒட்டினேன்.

அக்காவின் கணவர் அதை நிர்வாகத்துக்கும் அனுமதி தருகிற அலுவலகத்துக்கும் அனுப்பினார். மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். பேராசிரியர் தனக்கு அப்படி எதுவும் நினைவில்லை என்று எழுதி அனுப்பினார். என்னை மூன்று நாள் விசாரித்தார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். கடைசியில் அறிக்கை வந்தது. சிறுநீர்ச் சோதனை எதுவும் செய்யப்படாததால் உடலுக்குள் எவ்வளவு போனது என்று இப்போது கணக்கிட வழியில்லை. எனவே நோய்க்குக் காரணம் கண்டறிய இயலவில்லை. பதிவேடு பராமரிப்பில் கடுமையான தவறு நடந்துள்ளது. அறையை மூடினார்கள். என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கி, சில வருஷங்களுக்கு ஆய்வு மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்றார்கள். வகுப்பு எடுக்கலாம். இன்றும் எடுக்கிறேன்.

அறிக்கையின் நகலை வாங்க அக்காவின் கணவர் வந்த அன்று நானும் அலுவலகத்தில் இருந்தேன். வராந்தாவில் நின்றபடியே அதைப் படித்தார். "கண்டறிய இயலவில்லை" என்ற வரியில் விரல் நின்றது. மடித்து வைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் போனேன். கூப்பிடும் தைரியம் இல்லை. பைக்கின் அருகே போய் அவராகவே திரும்பினார்.

"நீங்க வந்து சொன்னதுக்கு அப்புறம் நாலு மாசம் இருந்திருக்கா. ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லலயே. ஏன் மேடம்?"

"தெரியலண்ணே."

"நானும் தெனம் அந்தப் பேப்பரப் பத்தி அவகிட்ட பேசுவேன். சும்மா கேட்டுக்கிட்டு இருப்பா."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப்போனார். அடுத்த வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, குவார்ட்டர்ஸைக் காலிசெய்து, மகளைக் கூட்டிக்கொண்டு மருங்காபுரிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்று துறையில் சொன்னார்கள்.